இரண்டாவது சிவப்பு வெஸ்ட்

வாந்தி எடுத்தவர்கள் அறுபத்து மூன்று பேர். அவர்களில் நான்கு பேர் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். யாரும் சாகவில்லை. எங்கள் அலுவலகத்தில் இதை ஒரு சாதனையைப் போலச் சொன்னார்கள்.

நான் அங்கே உணவுப் பாதுகாப்பு அதிகாரி. பெயர்தான் அதிகாரி. காலை ஐந்து மணிக்குச் செனோக்கோ தொழிற்பேட்டையில் இருக்கும் மத்திய சமையலறைக்குப் போய், குளிர் அறையின் வெப்பநிலையைக் குறிப்பேன். குழம்பில் கம்பி வெப்பமானியைக் குத்தி எண்ணைக் குறிப்பேன். படித்தது நுண்ணுயிரியல். என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நானாகவும் சொல்ல மாட்டேன். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

முதலாளி செல்வராஜ் சாருக்கு லிட்டில் இந்தியாவில் உணவகம். அதன் மாடியில்தான் அலுவலகம். செனோக்கோ சமையலறையிலிருந்து தொழிலாளர் விடுதிகளுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் சாப்பாடு போகும். ஒரு பெரிய ஒப்பந்தத்துக்கு, அவசர நிலையைக் கையாளும் முறை கம்பெனியில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அதனால் ஒரு பயிற்சியாளரைக் கூப்பிட்டார்கள்.

அவர் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு நாள் எங்களோடு இருந்தார். வெள்ளைப் பலகையில் கட்டங்கள் வரைந்தார். மேலே கமாண்டர். கீழே செயல்பாடு, திட்டம், பொருள். பக்கத்தில் வெளியாட்களிடம் பேசுபவர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிற வெஸ்ட், சட்டைக்கு மேல் மாட்டும் கையில்லாத மேலங்கி. கமாண்டருக்குச் சிவப்பு.

"மூணே விதி," என்றார். "ஆபத்தை யார் முதல்ல பார்க்கிறாரோ அவர் சிவப்பு வெஸ்ட்டைப் போடணும். அவர்தான் கமாண்டர், கிளீனரா இருந்தாலும் சரி. மேலே உள்ளவர் வந்ததும், 'இப்ப நான் பொறுப்பு எடுத்துக்கிறேன்'னு வாயால சொல்லி, கையால வெஸ்ட்டை வாங்கிப் போட்டுக்கணும். மூணாவது, பதிவு எழுதுறவர் காதுல விழுந்ததை நேரத்தோட எழுதணும். நினைச்சதை எழுதக் கூடாது. எந்த மொழியில பேசினாங்களோ அந்த மொழியில எழுதுங்க."

எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. ஒரு நல்ல பரிசோதனை போல இருந்தது. யார் சொன்னார், எப்போது சொன்னார், யார் கேட்டார்.

அடுத்த நாள் கட்டங்களில் பெயர் எழுத உட்கார்ந்தார்கள். அப்போதே அது கெட்டது. செல்வராஜ் சார் எந்தக் கட்டத்திலும் உட்கார மறுத்தார். "நான் எல்லாத்துக்கும் மேல இருக்கேன், என்னை எதுக்குப் பொட்டிக்குள்ள போடுற?" சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் தலைமைச் சமையல்காரர் இராமசாமி அண்ணன். அவர் பெயரைக் கமாண்டர் கட்டத்தில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. செல்வராஜ் சாரின் மைத்துனர் ரஞ்சன் பெயரை எழுதினார்கள், மைத்துனர் என்பதால். வெளியாட்களிடம் பேசுபவர் வித்யா. முதலாளியின் மகள். கல்யாண வீட்டில் யார் எந்த வரிசையில் உட்காருவது என்று முடிவு செய்வதுபோல மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் பதிவு எழுத ஆள் தேவைப்பட்டது.

"கவிப்ரியா கையெழுத்து நல்லாருக்கும்," என்றார் வித்யா.

சிவப்பு வெஸ்ட்டைக் குளிர் அறைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் மாட்டினார்கள். மற்ற வெஸ்ட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி ரஞ்சன் சாரிடம்.

*

அன்று வியாழக்கிழமை. ஐந்து இருபதுக்கு இராமசாமி அண்ணன் குளிர் அறைக் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

"பாப்பா, இங்க வா. குளிரே இல்ல."

உள்ளே போனேன். கம்ப்ரசர் நின்றிருந்தது. முந்தின நாள் மாலை சமைத்துக் குளிர வைத்த கோழி மசாலா பன்னிரண்டு தட்டங்களில் இருந்தது. கம்பியைக் குத்தினேன். பதினேழு புள்ளி ஆறு. சுவரில் இருந்த கருவியின் பதிவைப் பார்த்தேன். நள்ளிரவுக்கு முன்பே பத்து டிகிரியைத் தாண்டிவிட்டது. எலும்பு நீக்கி, கையால் பிய்த்துப் போட்ட கோழி, கைக் கிருமி ஒட்டியிருக்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்திருக்கிறது.

"தூக்கிப் போடணும்ணே," என்றேன். அவரிடம் மட்டும் என்னால் பேச முடியும்.

அவர் கொக்கியில் இருந்த வெஸ்ட்டைப் பார்த்தார். பருப்பு அண்டாவுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தார். கழுத்திலிருந்து வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. கைகளைத் துண்டில் துடைத்துவிட்டு வெஸ்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதிக்க. ரஞ்சன் ஐயா வர்ற வரைக்கும் நான் கமாண்டர். கோழி ஒரு துண்டு வெளிய போகக் கூடாது. ஸைஃப், வண்டிய ஆஃப் பண்ணுங்க."

ஓட்டுநர் ஸைஃப் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா, கமாண்டர் லா! சல்யூட் அடிக்கணுமாண்ணே?"

"அடிச்சிட்டு ஆஃப் பண்ணுங்க."

ஸைஃப் உண்மையிலேயே சல்யூட் அடித்துவிட்டுப் போய் வண்டியை நிறுத்தினார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அன்னம்மா அக்கா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னபடி செய்தார்கள். நான் நேரத்தைப் போட்டு எழுதிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கோழி ஒரு கப்பல் பட்டறையின் நானூற்று இருபது பேருக்கு. ஏழரைக்குள் பொட்டலங்கள் பட்டறை வாசலுக்குப் போக வேண்டும். அதற்கு மேல் வாசலை அடைத்துவிடுவார்கள். பகல் பன்னிரண்டுக்குச் சாப்பிடுவார்கள்.

"முட்டை முப்பது தட்டு இருக்கு," என்றார் அண்ணன். "தொள்ளாயிரம். ஆளுக்கு ரெண்டு. உரிக்காமலே வைப்போம், அவங்களே உரிச்சுக்குவாங்க. பருப்பு ரெடி. எட்டரைக்குப் போயிரும். கேட்டைத் திறக்கச் சொல்லி ஒரு போன் பண்ணாப் போதும்."

போன் செய்ய வேண்டியவர் வித்யா. அவர் எடுக்கவில்லை. ரஞ்சன் சார் எடுத்தார். வழியில்தான் இருக்கிறேன், வருகிறேன் என்றார்.

ஆறு பத்துக்கு வந்தார். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். சிராங்கூன் ரோட்டுக் கோவில் ஒன்றில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம். ஈரத் தரையில் கால் வைக்காமல் வாசற்படியிலேயே நின்றார்.

அண்ணன் வெஸ்ட்டைக் கழற்றினார். பயிற்சியில் சொன்னதுபோலவே இரண்டு கையாலும் நீட்டினார்.

ரஞ்சன் சார் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"யோவ், நாறுது. தூரப் புடி. உன் வேர்வைய நான் போட்டுக்கணுமா? நீயே போட்டுக்க."

அண்ணன் கை நீட்டியபடியே ஒரு நொடி நின்றது. பிறகு வெஸ்ட்டை மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"கோழிய நல்லாக் கொதிக்க வச்சு அனுப்பு. கொதிச்சா எல்லாம் செத்துரும்."

"ஐயா, முட்டை இருக்கு. எட்டரைக்கு..."

"கேட்டைத் திறங்கன்னு நான் போய் பட்டறைக்காரன்கிட்டக் கெஞ்சணுமா? முட்டை போட்டா நாளைக்கு வேற கம்பெனிய வச்சுக்குவான். நான் சொல்றதைச் செய். உனக்கு வேலை பர்மிட் எடுத்தது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். "சார், கிருமி செத்தாலும் அது விட்ட நஞ்சு கொதிச்சாப் போகாது சார்." புகைபோக்கி விசிறியின் இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா? சத்தமாப் பேசு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடானது.

"ஒண்ணும் இல்ல சார்," என்றேன்.

இரண்டு வார்த்தை. நஞ்சு போகாது. நான்கு வருஷம் படித்தது அந்த இரண்டு வார்த்தைக்குத்தான்.

ஆறு பத்தொன்பதுக்கு அவர் காரில் ஏறிப் போனார். ஒன்பது நிமிஷம் இருந்தார். அந்த ஒன்பது நிமிஷத்தில் காதில் விழுந்த எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். என் வாயால் சொன்ன 'ஒண்ணும் இல்ல சார்' உட்பட.

கோழியைக் கொதிக்க வைத்தார்கள். மசாலா வாசனை நன்றாகவே இருந்தது. கெட்டுப்போனதாக மூக்குக்குத் தெரியாது. அதுதான் அதில் மோசம்.

*

பகல் இரண்டரைக்கு ஸைஃப் பட்டறையிலிருந்து போன் செய்தார். காலிப் பெட்டிகளை எடுக்கப் போயிருந்தார்.

"கவி, ஒண்ணும் சரியில்ல லா. எல்லாம் கீழ உக்காந்திருக்காங்க. வாசல்ல, டாய்லெட்ல, கிரேன் அடியில. ஒருத்தன் என் கையப் பிடிச்சுக்கிட்டே வாந்தி எடுத்தான். என் சட்டை பூரா..." பின்னால் யாரோ ஓக்காளிக்கும் சத்தம் கேட்டது. "ஆம்புலன்ஸ் வந்துருச்சு. நான் அப்புறம் கூப்பிடுறேன்."

நான் அதையும் நேரம் போட்டு எழுதினேன்.

மாலை ரஞ்சன் சார் என்னை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். சட்டையில் இன்னும் கல்யாண வீட்டுப் பன்னீர் மணம் இருந்தது.

"பதிவை இங்கிலீஷ்ல சுத்தமா டைப் பண்ணு. பேர் எதுவும் வேணாம். சார்ட்ல எப்படி இருக்கோ அப்படி. கமாண்டர், செயல்பாடு, திட்டம். பேச்சு வழக்கெல்லாம் வேணாம். கையால எழுதினதைக் கிழிச்சுப் போட்டுரு."

டைப் செய்தேன். 'ஆறு பதினான்கு: உணவை அனுப்பக் கமாண்டர் அனுமதி.' சுத்தமாக இருந்தது. யாரும் நாறவில்லை, யாரும் மூக்கைப் பொத்தவில்லை. நான்தான் அப்படி எழுதினேன். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

கையெழுத்துத் தாள்களை மட்டும் கிழிக்கவில்லை. தைரியத்தால் அல்ல. ஆய்வகத்தில் முதல் குறிப்பை அழிக்கக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். தப்பாக இருந்தாலும் ஒரு கோடு போட்டு அடிக்கலாம், அழிக்கக் கூடாது. ஐந்து தாள்களையும் மடித்துப் பையில் வைத்தேன்.

*

மறுநாள் காலை அலுவலகத்தில் கூட்டம். கீழே உணவகத்தில் இட்லிக்கு வரிசை நின்றது. மேலே நாங்கள் ஆறு பேர். செல்வராஜ் சார், ரஞ்சன் சார், வித்யா, ஸைஃப், நான். இராமசாமி அண்ணன் உட்காரவில்லை. நாற்காலி இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

வித்யா சுவர்த் திரையில் சமையலறைக் காமிராவின் படங்களைக் காட்டினார். ஐந்து இருபத்தைந்து, இராமசாமி, சிவப்பு வெஸ்ட். ஆறு பதினான்கு, இராமசாமி, சிவப்பு வெஸ்ட். ஆறு ஐம்பது, வண்டி கிளம்புகிறது, இராமசாமி, சிவப்பு வெஸ்ட். காமிராவில் சத்தம் பதியாது.

"பதிவுல என்ன இருக்கு?" என்று கேட்டார் செல்வராஜ் சார்.

வித்யா நான் டைப் செய்த தாளைப் படித்தார். "உணவை அனுப்பக் கமாண்டர் அனுமதி."

"அந்த நேரம் கமாண்டர் யாரு?"

"வெஸ்ட் யார் போட்டிருந்தாங்களோ அவங்கதான் அங்கிள். அதானே விதி?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னார். தன் அப்பாவை அலுவலகத்தில் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார், மற்றவர்கள் முன்னால் மரியாதையாக இருக்கட்டும் என்று.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெயர் வேண்டாம் என்று ரஞ்சன் சார் ஏன் சொன்னார் என்பது. உறைந்த கொழுப்பில் விரலை விட்டதுபோல இருந்தது.

"இராமசாமி," என்றார் செல்வராஜ் சார், ரொம்ப மென்மையாக. "அரசாங்க அதிகாரி மூணு மணிக்கு வர்றாங்க. முதலாளி தரப்புல உத்தரவு போட்டோம்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும். நூத்தி இருபது பேருக்கு வேலை போகும். சமையல்காரர் கவனக்குறைவுன்னா ஒரு ஆளோட முடிஞ்சிரும். பர்மிட்டை ரத்து பண்ணி, ஊருக்கு டிக்கெட் போட்டு, கௌரவமா அனுப்பி வைக்கிறேன். ஒரு கையெழுத்துப் போடு."

மேசையில் தாள் தயாராக இருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் திருச்சியில் நர்சிங் இரண்டாம் வருஷம். இது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு அவர்தான் எல்லாருக்கும் அவள் படத்தைக் காட்டினார்.

"நான் கோழிய அனுப்ப வேணாம்னுதான் சொன்னேன் ஐயா," என்றார்.

"அப்ப எதுக்கு வெஸ்ட்டைக் கழட்டல?" என்றார் ரஞ்சன் சார்.

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்ல அவருக்கு முடியவில்லை. தான் நாறியதாக ஒருவர் சொன்னதைத் தானே எப்படிச் சொல்வது? அது ரஞ்சன் சாருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அவ்வளவு நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

ஸைஃப் இருமினார். "நான் வண்டிக்குள்ள இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல." என்னைப் பார்த்தார். உனக்குக் கேட்டதே என்பதுபோல.

நான் அப்போதும் பேசவில்லை. "யோசிச்சு மதியம் சொல்றேன் ஐயா," என்று அண்ணன் சொல்ல, கூட்டம் முடிந்தது.

*

மூன்று மணிக்கு அதிகாரி செனோக்கோவுக்கு வந்தார். நாற்பது வயதுச் சீனப் பெண்மணி. குளிர் அறையைப் பார்த்தார், கருவியின் பதிவை நகல் எடுத்தார். வித்யாதான் பேசினார், நன்றாகப் பேசினார். எங்களிடம் முறையான கமாண்டர் அமைப்பு இருக்கிறது என்று கட்டங்களின் வண்ணப் படத்தைக் காட்டினார். டைப் செய்த தாளைக் கொடுத்தார்.

அதிகாரி அதை ஒரு முறை படித்தார். "இது பிறகு டைப் செய்தது. அந்த நேரத்தில் எழுதியது எங்கே?"

"அதேதான் இது," என்றார் ரஞ்சன் சார்.

"பதிவு எழுதியவர் யார்?"

வித்யா வாய் திறப்பதற்குள் அதிகாரி வண்ணப் படத்தில் விரலை வைத்துவிட்டார். திட்டம், பதிவு: கவிப்ரியா. அவர்களே போட்ட கட்டம்.

"கவிப்ரியா யார்?"

அண்ணன் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சட்டைப் பையில் பேனா இருந்தது. அவர் எப்போதும் பேனா வைத்திருக்க மாட்டார். கையெழுத்துப் போடத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"நான்," என்றேன். பையைத் திறந்தேன். மடிப்பைப் பிரித்தேன். ஐந்து தாள்களையும் அவரிடம் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். "தமிழ். எனக்குப் படிக்க வராது. ஆறு மணியிலிருந்து படியுங்கள். பிறகு ஆங்கிலத்தில் சொல்லுங்கள்."

"பதிவு இரகசியம்," என்றார் வித்யா. அதிகாரி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

விசிறி இரைந்துகொண்டிருந்தது. அன்னம்மா அக்கா எட்டி அதை நிறுத்தினார். சமையலறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

படித்தேன். ஆறு பத்து, ரஞ்சன் சார் வருகை. ஆறு பன்னிரண்டு, இராமசாமி வெஸ்ட்டைக் கழற்றி இரண்டு கையால் கொடுக்கிறார். ஆறு பன்னிரண்டு, ரஞ்சன் சார்: 'யோவ், நாறுது. தூரப் புடி. உன் வேர்வைய நான் போட்டுக்கணுமா? நீயே போட்டுக்க.' ஆறு பதினான்கு, ரஞ்சன் சார்: 'கோழிய நல்லாக் கொதிக்க வச்சு அனுப்பு.'

ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் எனக்கு அசிங்கமாகக் கேட்டது. நிறுத்தவில்லை. ஆறு பதினாறு, கவிப்ரியா: 'நஞ்சு கொதிச்சாப் போகாது.' யாருக்கும் கேட்கவில்லை. ஆறு பதினாறு, கவிப்ரியா: 'ஒண்ணும் இல்ல சார்.'

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என்னைத் திட்டியிருக்கலாம்.

பிறகு ரஞ்சன் சாரிடம் கேட்டார். "அனுப்பச் சொன்னது நீங்களா?"

"நான் ஒரு ஆலோசனைதான்..."

"வெஸ்ட்டை ஏன் வாங்கவில்லை?"

ரஞ்சன் சார் தன் கைகளைப் பார்த்தார். சுத்தமான கைகள். நகம்கூட ஒரே அளவாக வெட்டியிருந்தது.

*

சமையலறையை இரண்டு வாரம் மூடி வைத்தார்கள். வழக்கு கம்பெனி பேரிலும் ரஞ்சன் சார் பேரிலும். அண்ணனின் தாள் கையெழுத்து இல்லாமல் செல்வராஜ் சாரின் இழுப்பறைக்குள் போனது. அதிகாரி கையில் அந்தப் பதிவு இருக்கும்வரை அதை வெளியே எடுக்க முடியாது. பர்மிட் அப்படியே இருக்கிறது. பெரியவள் மூன்றாம் வருஷத்துக்குப் பணம் கட்டிவிட்டாள்.

திறந்த முதல் நாள் அண்ணன் என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன்.

"நீ செஞ்சது சரிதான் பாப்பா. ஆனா எல்லாரு முன்னாடியும் அதைப் படிச்சியே. ஒரு தடவை தமிழ்ல, ஒரு தடவை இங்கிலீஷ்ல." வெங்காயத் தோலைக் காலால் ஒதுக்கினார். "இப்ப யார் பக்கத்துல போனாலும் ஒரு அடி தள்ளி நிக்கிறேன். என்கிட்ட அப்படி அடிக்குதா?"

"இல்லண்ணே."

"சும்மா சொல்றியா?"

"இல்லண்ணே. மஞ்சள் வாசனைதான்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வெஸ்ட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். அதைத் தினமும் துவைக்கிறார். பின்கட்டில் காயப் போடுகிறார். அழுக்கே இல்லாத துணி.

மறுபடி இது நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று அதிகாரிகள் ஒரு படிவம் கேட்டிருந்தார்கள். அதை நிரப்ப அலுவலகத்தில் மறுபடியும் கூட்டம். கம்ப்ரசர் மாற்றியாகிவிட்டது. இரவில் எச்சரிக்கை மணி வைத்தாகிவிட்டது. சமையல்காரர் வேண்டாம் என்று சொன்ன உணவை அனுப்பக் கூடாது என்று ஒரு விதி போடலாமா என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

"அப்ப முதலாளி எதுக்கு?" என்றார் செல்வராஜ் சார்.

ரஞ்சன் சார் தொண்டையைச் செருமினார். "உண்மையான பிரச்சினை என்னன்னா மாமா, வெஸ்ட் ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டு இருந்திருந்தா நான் என்னோடதைப் போட்டிருப்பேன். குழப்பமே வந்திருக்காது."

எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல யோசனை என்றார் வித்யா.

"எழுதிக்கம்மா," என்றார் செல்வராஜ் சார். "கூடுதல் சிவப்பு வெஸ்ட், ஒண்ணு. நிர்வாகத்துக்கு. காரணம், சுகாதாரம்னு போடு."

எழுதினேன். கூடுதல் சிவப்பு வெஸ்ட், ஒன்று. காரணம் என்ற கட்டத்தில் சுகாதாரம் என்று எழுதவில்லை. ஆறு பன்னிரண்டுக்குக் காதில் விழுந்த 'யோவ், நாறுது'வை அப்படியே எழுதினேன். பெயரோடு. அவர்கள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். என் கையெழுத்து நல்லாருக்கும் என்று நம்பி.

புது வெஸ்ட் வந்துவிட்டது. குளிர் அறைக்குப் பக்கத்தில் இரண்டாவது கொக்கி அடித்து மாட்டியிருக்கிறார்கள். பழைய வெஸ்ட் படாதபடி ஒரு முழம் தள்ளி. பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.